வரவு குறைந்தாலும் வகுப்புக்குப் போகலாமா?

மாதக் கடைசி என்றால் அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று பேர்தான் உட்காருவார்கள். நான்காவது தட்டு மேசையில் மூடி வைக்கப்பட்டிருக்கும். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் தயாரிக்கும் தொழிற்சாலையில் நிதி மேலாளராக இருந்த மருமகள் வீடு வந்து சேர இரவு பதினொரு மணி ஆகும். அன்று கணக்கு முடிக்க வேண்டும். மறுநாள் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டும். மார்ச் வந்தால் ஆண்டுக் கணக்கு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தணிக்கை. பதினெட்டு வருடங்களாக இப்படித்தான்.

பெயர் எதற்கு? அவரைப் போன்றவர்கள் சென்னையிலும் கோவையிலும் ஓசூரிலும் நிறைய இருக்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், நல்ல சம்பளம் வாங்குபவர்கள். அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுத்த நாளில் மட்டும் கொஞ்சம் சந்தோஷமாக வீடு திரும்புபவர்கள். ‘பேசாமல் காலேஜில் வாத்தியாராகப் போயிருக்கலாம்’ என்று வருடத்துக்கு இரண்டு முறையாவது சொல்பவர்கள்.

இவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். 42 வயதில் ஒருநாள் நிஜமாகவே போய்விட்டார்.

கதவு எங்கே இருக்கிறது?

அவருக்கு பி.காம். பட்டமும் சி.ஏ. தகுதியும் இருந்தன. எம்.காம். படிக்கவில்லை. கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டுமானால் முதுகலைப் பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண்ணும், ‘நெட்’ அல்லது மாநில அளவிலான ‘செட்’ தேர்ச்சியும், அல்லது விதிப்படி பெற்ற முனைவர் பட்டமும் கேட்பார்கள். சி.ஏ. முடித்த பலருக்கு அந்த முதுகலைப் பட்டம் இல்லாததே பெரிய தடையாக இருந்தது. சி.ஏ., சி.எஸ்., ஐ.சி.டபிள்யூ.ஏ. தகுதிகளை முதுகலைப் பட்டத்துக்கு இணையாகக் கருதலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் முடிவெடுத்தது. அந்தச் செய்தியை அவர் அலுவலக கேன்டீனில் போனில் படித்தார். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

‘நெட்’ தேர்வு வழக்கமாக ஆண்டுக்கு இரு முறை நடக்கும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு எழுதுபவர்களுக்கு வயது வரம்பு கிடையாது. மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள், 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஆனால், எழுதுபவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்குத்தான் தகுதி கிடைக்கும்.

வணிகவியல் தாளைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. கணக்கியல், தணிக்கை, வருமான வரி எல்லாம் தினமும் புழங்கியவைதானே? முதல் தாள்தான் காலை வாரிவிட்டது. கற்பிக்கும் திறன், ஆராய்ச்சி முறைகள், தர்க்கம், சுற்றுச்சூழல், உயர்கல்வி அமைப்பு என்று அதில் வருபவை எதையும் பதினெட்டு வருடங்களில் அவர் தொட்டதே இல்லை. வணிகவியல் தாளிலும் சந்தையியலும் புள்ளியியலும் காத்திருந்தன. முதல் முறை தோற்றார். ‘சி.ஏ.வையே முடிச்ச உனக்கு இது என்ன பெரிய விஷயம்’ என்று சொன்ன உறவினர்களிடம் முடிவைச் சொல்லவே இல்லை. அடுத்த முறை, காலை நாலரைக்கு எழுந்து ஐந்து மாதம் படித்துத் தேர்ச்சி பெற்றார்.

இது ஒரு கதவு. வேறு கதவுகளும் இருக்கின்றன. 2022-ல் யு.ஜி.சி. கொண்டுவந்த ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ ஏற்பாட்டில், ஒரு துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ள வல்லுநர்களைக் கல்லூரிகள் நியமித்துக்கொள்ளலாம். முனைவர் பட்டமோ ஆய்வுக் கட்டுரைகளோ கட்டாயம் இல்லை. ஆனால் அது நிரந்தர வேலை ஆகாது. நீட்டிப்பு உட்பட அதிகபட்சம் நான்கு ஆண்டுகள்தான். ஓய்வை நெருங்குபவருக்கு அது பொருந்தும். இன்னும் பதினாறு, பதினேழு வருடம் உழைக்க வேண்டியவர் யோசிக்க வேண்டும். எம்.பி.ஏ. துறையில் சேர விரும்புபவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. விதிகள் தனி. அங்கே சி.ஏ. தகுதியோடு இரண்டு ஆண்டு தொழில் அனுபவமும் கணக்கில் வரும்.

எந்தக் கதவானாலும் ஒன்றை மறக்கக் கூடாது. சேரப்போகும் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறதோ, அந்தப் பல்கலைக்கழகம் தன் தகுதியை ஏற்குமா என்பதை ராஜினாமா கடிதத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்’ என்ற வாய்வார்த்தையை எந்தத் தணிக்கையாளரும் ஆதாரமாக ஏற்க மாட்டார். தன் விஷயத்திலும் ஏற்கக் கூடாது.

வீட்டில் போட்ட பட்ஜெட்

அடுத்தது பணம். பலருடைய ஆசை இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது.

அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் பணியிடத்திலோ உதவிப் பேராசிரியராகச் சேர்பவருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், படிகள் தனி. ஆனால், அந்த இடங்களுக்குப் பெரும் போட்டி. புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் முதலில் இடம் கிடைக்கிறது. சென்னையின் பல கல்லூரிகளில் காலை ஷிப்ட் அரசு உதவி பெறுவது, மதிய ஷிப்ட் சுயநிதி. ஒரே கட்டடம், ஒரே கரும்பலகை, இரண்டு விதமான சம்பளம்.

அவர் கையில் மாதம் 1,65,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. கல்லூரி சொன்ன சம்பளம் 40,000. கணவருக்கு ஒரு தனியார் நிறுவனத்தில் சர்வீஸ் இன்ஜினீயர் வேலை, 80,000 ரூபாய். வீட்டுக்கடன், கார் கடன், பள்ளியில் படிக்கும் மகள், 71 வயதில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் மாமியார். மாதம் 1,25,000 ரூபாய் குறைந்தால் இந்த வீடு தாங்குமா?

“தாங்கும்னு சொல்றது ஈஸி. ஒரு ஒத்திகை பார்த்துடலாமே” என்றார் கணவர்.

ஆறு மாதம் ஒத்திகை நடந்தது. அவர் சம்பளத்தில் 40,000 மட்டும் வீட்டுக்கு. மீதி 1,25,000 அப்படியே தனிக் கணக்குக்கு. முதல் மாதம் எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாவது மாதம் பள்ளிக் கட்டணமும் ஏ.சி. ரிப்பேரும் சேர்ந்துகொள்ள, தனிக் கணக்கிலிருந்து 22,000 ரூபாய் எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு வார இறுதி ஹோட்டலும், யாரும் பார்க்காத இரண்டு ஓ.டி.டி. சந்தாக்களும் நின்றன. ஆறு மாத முடிவில் 7,28,000 ரூபாய் சேர்ந்திருந்தது. அதில் 2,60,000-ஐ எடுத்துக் கார் கடனை அடைத்தார்கள். மீதி 4,68,000 அவசரத்துக்கு.

அந்த ஒத்திகை இன்னொன்றையும் செய்தது. அதுவரை ‘அம்மாவின் ஆசை’யாக இருந்தது, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்காக மாறியது. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று மகளுக்கும் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் பலரும் கோட்டைவிடுவது மருத்துவக் காப்பீட்டை. மாமியாருக்கும் சேர்த்து நிறுவனம் எடுத்திருக்கும் குழுக் காப்பீடு, வேலையை விட்டவுடன் நின்றுபோகும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால், அதை வேலையில் இருக்கும்போதே விசாரித்து விண்ணப்பிக்க வேண்டும். ஏற்பது அவர்களுடைய பரிசீலனையைப் பொறுத்தது. பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதிய வேலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. பணிக்கொடை தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்கும் உண்டு. 2009-ல் வந்த சட்டத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2022-ல் உறுதிசெய்திருக்கிறது. இதையெல்லாம் நிறுவனத்தில் அடுத்தவர்களுக்கு எடுத்துச் சொன்ன கணக்காளர்களே, தங்கள் விஷயத்தில் மறந்துவிடுவதுண்டு.

‘பேங்க் தப்பாவா போடுது?’

ஜூன் மாதம் வகுப்பு தொடங்கியது. பி.காம். முதலாண்டில் 58 பேர். பாதிப் பேர் பிளஸ் டூவில் தமிழ்வழியில் கணக்குப்பதிவியல் படித்தவர்கள். பத்துப் பன்னிரண்டு பேர் அறிவியல் பிரிவிலிருந்து வந்தவர்கள். பேரேடு என்றால் என்னவென்றே தெரியாது.

முதல் இரண்டு வாரம் அவர் தன் அனுபவத்தையெல்லாம் கொட்டினார். ‘எங்க கம்பெனியில...’ என்று தொடங்கி, இறக்குமதி, அந்நியச் செலாவணி, பல கோடி ரூபாய் சரக்கிருப்பு என்று போனார். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அதில் பலர் ஒரு தொழிற்சாலையை வாசலில் நின்றுகூடப் பார்த்ததில்லை என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

மூன்றாவது வாரம் ரொக்கம், வங்கிப் பதிவுகள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

“மேம், பணம் வந்தா பேங்க் அக்கவுன்ட்டைப் பற்று பண்ணணும்னு சொல்றீங்க. என் போன்ல பணம் வந்தா ‘கிரெடிட்டட்’னுதானே மெசேஜ் வருது? அப்போ பேங்க் தப்பாவா போடுது?”

வகுப்பு சிரித்தது. முன் வரிசைப் பெண் ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள். “எங்க அம்மா வீட்டுல வரவு செலவு எழுதுவாங்க மேம். வந்த பணம் வரவுதான். இங்க மட்டும் வந்த பணம் எப்படிப் பற்று ஆகும்?”

பதினெட்டு வருடத்தில் அவர் பார்க்காத கணக்கு இல்லை. ஆனால், இந்தக் கேள்வியை எந்தத் தணிக்கையாளரும் கேட்டதில்லை. “அது பேங்க்கோட பார்வை, இது நம்ம பார்வை. சொத்துக் கணக்குல உள்ளே வர்றது பற்று, வெளியே போறது வரவு. அதுதான் விதி” என்றார். எல்லோரும் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருவருக்கும் புரியவில்லை என்பது அந்தக் குனிந்த தலைகளிலேயே தெரிந்தது.

அடுத்த வாரத் தேர்வில் 58 பேரில் 31 பேர் ரொக்கப் பதிவைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள்.

அன்று இரவு அவர் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதம் ஒன்றேகால் லட்சத்தை விட்டுவிட்டு வந்தது, விதியை மனப்பாடம் செய்யச் சொல்வதற்குத்தானா? அலுவலகத்தில் அவர் சொன்னதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள் என்றால், அவர்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்?

மளிகைக்கடை நோட்டு

“என்னம்மா, இன்னும் தூங்கலையா?” என்று மாமியார் வந்து உட்கார்ந்தார். அவருடைய அப்பா விருதுநகர்ப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தவர். மருமகள் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“இதுல என்னம்மா குழப்பம்? எங்க அப்பா கடை நோட்டுல ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கும். கொத்தனார் வந்து அரிசி வாங்கிட்டுப் போனா, அவர் பக்கத்துல பற்று. பொருளை அவர் எடுத்துக்கிட்டாருல்ல? சனிக்கிழமை கூலி வாங்கிட்டு வந்து பணம் குடுத்தா, அதே பக்கத்துல வரவு. அவர்கிட்ட இருந்து வந்துடுச்சு. அவ்வளவுதானே?”

“கல்லாப்பெட்டிக்குப் பக்கம் உண்டா அத்தை?”

“அதுக்கு எதுக்கு? கல்லாவுல இருக்கிறதை எண்ணிப் பார்த்தா ஆச்சு.”

கல்லாப்பெட்டிக்கும் ஒரு பக்கம் போட்டால்? மருமகள் விடைத்தாளின் பின்பக்கத்திலேயே எழுதிப் பார்த்தார். கொத்தனார் கொடுத்த 500 ரூபாயைக் கல்லா வாங்கிக்கொண்டது. கொத்தனாரைப் போலவே கல்லாவும் ஓர் ஆள் என்று வைத்துக்கொண்டால், எடுத்துக்கொண்டவர் பக்கத்தில் பற்று. ‘பற்று’ என்றாலே பிடித்துக்கொள்வது, பெற்றுக்கொள்வது. பற்றுச்சீட்டு என்கிறோமே, அந்தப் பற்றுதான். விதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

மறுநாள் கரும்பலகையில் மூன்று பக்கங்கள் வரைந்தார். முதல் பக்கம் கொத்தனார். இரண்டாவது பக்கம் கல்லாப்பெட்டி. மூன்றாவது பக்கத்தின் தலையில், கேள்வி கேட்ட பையனின் பெயரையே எழுதினார்.

“இது பேங்க் வச்சிருக்கிற நோட்டு. அதுல உனக்கு ஒரு பக்கம். நீ 500 ரூபாய் போட்டா, பேங்க் உன் பக்கத்துல என்ன எழுதும்?”

“என்கிட்ட இருந்து வந்தது... வரவு.”

“வரவுக்கு இங்கிலீஷ்ல?”

“கிரெடிட்.” பையன் ஒரு நொடி நின்றான். “அப்போ அந்த மெசேஜ் அவங்க நோட்டுல இருந்து வருதா மேம்?”

“ஆமாம். உன் நோட்டுல பேங்க்குக்கு ஒரு பக்கம் போட்டா?”

“பேங்க் வாங்கிக்கிச்சு. பற்று.”

ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் ஏன் ‘டெபிட்டட்’ என்று வருகிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வகுப்பே சொன்னது. நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்கிறது வங்கி.

முன் வரிசைப் பெண்ணின் சந்தேகத்துக்கும் விடை கிடைத்தது. வீட்டில் எழுதும் கணக்கில் வரவுக்கு ஜோடி செலவு. அது ஒரே பட்டியல். யாருக்கும் தனிப் பக்கம் கிடையாது. கணக்குப்பதிவியலில் வரவுக்கு ஜோடி பற்று. ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு வேலை செய்கிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளைகளைத்தான் இது அதிகம் குழப்புகிறது. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்குக் குழப்பமே வருவதில்லை. புரிந்ததா என்பது வேறு விஷயம்.

இந்த இரட்டைப் பதிவு முறையை விளக்கி அச்சில் வந்த முதல் நூல் 1494-ல் வெனிஸ் நகரில் வெளியானது. எழுதியவர் லூக்கா பச்சோலி. அவர் வியாபாரி இல்லை, கணித ஆசிரியர். இளம் வயதில் ஒரு வெனிஸ் வணிகர் வீட்டில் தங்கி, அவருடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். வணிகர்கள் அதற்கு முன்பே அந்த முறையில் கணக்கெழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அதை மற்றவர்களுக்குப் புரியும்படி எழுதிவைக்க ஓர் ஆசிரியர் வரவேண்டியிருந்தது.

அனுபவம் எங்கே உதவியது?

அப்படியானால் பதினெட்டு வருட அனுபவம் வீணா? இல்லை. அதற்கான இடம் மூன்றாம் ஆண்டுத் தணிக்கை வகுப்பில் கிடைத்தது.

ஒரு நிறுவனத்தின் வங்கி இருப்பைச் சரிபார்க்கும் தணிக்கையாளர், வங்கிக்குக் கடிதம் அனுப்பி உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பதில் நேராகத் தணிக்கையாளர் கைக்கு வர வேண்டும். நிறுவனத்தின் கை வழியாக வரக் கூடாது. பாடப்புத்தகத்தில் இது ஒரு சின்னப் பத்தி. இரண்டு மதிப்பெண் கேள்வி.

அவர் அந்தப் பத்தியில் ஒரு மணி நேரம் நின்றார். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னார். கணக்கில் காட்டியிருந்த ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அந்தக் கடிதத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். “நேரா பேங்க்ல கேட்டிருந்தா?” என்று ஒரு மாணவி கேட்டாள். அதன்பிறகு அந்தப் பத்தியை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

தொழிலிலிருந்து வரும் ஆசிரியருக்கு, பாடத்தில் எந்த வரி உயிர்நாடி என்பது தெரியும். அந்த வரியில் மாணவன் எங்கே தடுக்கி விழுவான் என்பதுதான் தெரியாது. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள இவருக்கு ஒரு பருவம் முழுதாகத் தேவைப்பட்டது. அந்த ஒரு பருவம், ‘நமக்கு இது சரிப்படாது’ என்று தோன்றிக்கொண்டேதான் இருந்தது.

நாலு மணிக்கு வீடு?

‘காலேஜ் வேலைன்னா நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துடலாம், மே மாசம் லீவு’ என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். யு.ஜி.சி. விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. இவருக்குக் கிடைத்தது 18. ஒரு மணி நேர வகுப்புக்கு முதல் வருடம் இரண்டு மணி நேரத் தயாரிப்பு தேவைப்பட்டது. அது போக அகமதிப்பெண் பட்டியல், தேர்வுக் கண்காணிப்பு, விடைத்தாள் திருத்தும் முகாம், மாணவர் சேர்க்கை நாட்களில் கவுன்ட்டரில் அமர்வது, ‘நாக்’ குழு வருவதற்கு முன் அடுக்கும் கோப்புகள்.

பதவியும் இறங்குகிறது. நேற்றுவரை பத்துப் பேருக்கு வேலை சொன்னவர், இன்று துறையில் கடைசியாகச் சேர்ந்தவர். துறைத்தலைவர் அவரைவிட ஆறு வயது இளையவர். பணியாளர் அறையில் உட்கார நாற்காலி கிடைக்கவே மூன்று நாள் ஆனது. இது சிலருக்குச் சம்பளக் குறைவைவிட அதிகமாகக் குத்தும்.

அதனால்தான் குதிப்பதற்கு முன் தண்ணீரில் காலை நனைத்துப் பார்ப்பது நல்லது. வேலையில் இருந்தபடியே சனிக்கிழமைகளில் சிறப்பு விரிவுரைக்குப் போகலாம். தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவருக்கு இடம் உண்டு, அதில் சேரலாம். ஒருமுறை பேசிவிட்டுக் கைதட்டல் வாங்கித் திரும்புவது போதாது. ஒரே வகுப்புக்குத் தொடர்ந்து பத்து வாரம் போய், தேர்வு வைத்து, விடைத்தாளைத் திருத்திப் பார்க்க வேண்டும். பிடிக்கிறதா இல்லையா என்பது பதினோராவது வாரம் தெரிந்துவிடும். தனியாக அலுவலகம் வைத்துத் தொழில் செய்யும் சி.ஏ.க்கள், எத்தனை மணி நேரம் வகுப்பெடுக்கலாம் என்பதற்குத் தங்கள் இன்ஸ்டிட்யூட்டின் விதியை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பரில் வந்த போன்

டிசம்பரில் பழைய நிறுவனத்திலிருந்து போன் வந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் நிற்கவில்லை. திரும்ப வந்தால் முன்பைவிட 20 சதவீதம் கூடுதல் சம்பளம். ஒரு வாரத்தில் பதில் வேண்டும்.

அன்று இரவு நான்கு பேரும் ஒன்றாகவே சாப்பிட்டார்கள். பேச்சு வரவில்லை. கடைசியில் கணவர்தான் ஆரம்பித்தார். “போன்னு சொல்லவும் மனசு வரல, இருன்னு சொல்லவும் பயமா இருக்கு. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நாற்பதாயிரத்துல என்ன பண்ணுவோம்?”

பயத்தை மறைக்காமல் சொன்னது நல்லதாயிற்று. மேசையில் தாள் வந்தது. அவசரத் தொகை 4,68,000-ல் ஆறு மாதத்தில் 54,000 குறைந்து, 4,14,000 இருந்தது. இதே வேகத்தில் போனால் மகள் பிளஸ் டூ முடிக்கும்போது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும். அதன்பிறகு கல்லூரிக் கட்டணம். தாளில் இருந்த எண்கள் யாருக்கும் சாதகமாகப் பேசவில்லை.

முடிவுக்கு ஓர் எல்லை வைத்தார்கள். கையிருப்பு மூன்று லட்சத்துக்குக் கீழே இறங்கினால் மீண்டும் நிறுவன வேலை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவரை கல்லூரி. இடையில் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வந்தாலும், உதவி பெறும் பிரிவில் இடம் வந்தாலும் விண்ணப்பிப்பது. கணவர் பெயரில் கூடுதலாக ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸ்.

“பாட்டி, நீங்க என்ன சொல்றீங்க?” என்றாள் மகள்.

“மாசக் கடைசியிலகூட நாலு தட்டும் ஒண்ணா விழுது. எனக்கு அது போதும். ஆனா கணக்கு சொல்றபடி செய்யுங்க” என்றார் மாமியார்.

பழைய நிறுவனத்துக்கு அவர் மறுநாள் நன்றி சொல்லிப் பேசினார். கதவைச் சாத்திவிடவில்லை, இப்போதைக்கு இல்லை என்று மட்டும் சொன்னார்.

340 ரூபாய்

பிப்ரவரியில் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கடைசி பெஞ்ச் பையன் வந்து நின்றான். கையில் நீளவாக்கில் கட்டிய நோட்டு. அவன் அம்மா மாலையில் இட்லிக் கடை போடுபவர். மாவு அரைத்துத் தருபவர், காய்கறிக்காரர், தினமும் சாப்பிட்டுவிட்டு வாரக்கடைசியில் பணம் தருபவர்கள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் போட்டிருந்தான். கல்லாவுக்கும் ஒரு பக்கம்.

“இருப்பாய்வு போட்டேன் மேம். டேலி ஆகல. 340 ரூபாய் உதைக்குது. மூணு நாளா கூட்டிப் பார்க்கிறேன்.”

அவர் நோட்டை வாங்கவில்லை. “340-ல் பாதி எவ்வளவு?”

“170.”

“170 ரூபாய் எங்கேயாவது இருக்கா பாரு. ஒரு தொகையைத் தப்பான பக்கத்துல எழுதினா, வித்தியாசம் ரெண்டு மடங்கா வரும். இதுவே வித்தியாசம் ஒன்பதால வகுபடுற தொகையா இருந்தா வேற மாதிரி தேடணும். 54-ஐ 45-னு மாத்தி எழுதியிருக்கலாம்.”

இது அவர் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. இருபது வருடத்துக்கு முன்பு தணிக்கைப் பயிற்சியில் இருந்தபோது, ஒரு மூத்தவர் டீ குடித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தது.

பையன் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினான். காய்கறிக்காரர் பக்கம். தேதி 11. அவருக்குக் கொடுத்த 170 ரூபாய், பற்றில் இருக்க வேண்டியது, வரவில் இருந்தது.

“மேம்!” என்றான், தாழ்வாரத்தில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.